பதினோரு வருடம் காப்பகத்தில் இருந்த தம்பி வீடு திரும்பும்போது: கோத்தகிரி சகோதரிக்கு ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்யும் சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தம்பிக்கு 36 வயது, மனச்சிதைவு நோய். 11 வருடமாகச் சமவெளியில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். மருந்தில் நன்றாக இருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அம்மா இல்லை. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைனில் இரண்டு அறை வீடு; கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். "உள்ளேயே இருந்தால்தான் பத்திரம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். "அழைத்து வரலாமா? வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது? பயமாகவும் இருக்கிறது, விட்டுவிடவும் மனசு வரவில்லை."

சகோதரி, இந்த மலையில் இப்படித் திரும்பி வருகிறவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பல வருடமாக வேலை செய்கிறவன் நான். நீங்கள் எழுதியதில் டாக்டர் சொன்னது இருக்கிறது, அக்கம்பக்கம் சொன்னது இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்பது ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அவரைக் கேட்காமலேயே அவர் விஷயத்தை முடிவு செய்வது இத்தனை வருடத்தில் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது, அவருக்கும்கூட. ஆகவே "அழைத்து வரலாமா" என்பதை முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரே தடவையில் பதில் வராது. "உங்க இஷ்டம்" என்பார். மூன்றாவது தடவைதான் உண்மையான பதில் வரும். சில பேர் "அக்கா வீட்டுக்கு வேண்டாம், பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்பதுண்டு. அதையும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

சட்டம் அவர் பக்கம்தான் நிற்கிறது. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. குடும்பத்தோடு வாழ முடியாதவர்களுக்குக் குழு இல்லம் போன்ற ஏற்பாடுகளைச் செய்து தருவது அரசின் கடமை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இது உங்களுக்கும் ஆறுதலான விஷயம். இரண்டு அறை வீட்டில் உங்களால் முடியவில்லை என்றால் நீங்கள் தம்பியைக் கைவிட்டதாக ஆகாது. சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்களை நாலைந்து பேராக ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைத்து, உதவிக்கு ஆள் வைத்து வாழ வைத்துக் காட்டியிருக்கிறது. வீடு என்றால் ரத்த சொந்தம் இருக்கும் இடம் மட்டும்தான் என்றில்லை.

"உள்ளேயே இருந்தால் பத்திரம்" என்பவர்களிடம் ஏர்வாடியைச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

உங்கள் தம்பி வந்தபின் எதிர்கொள்ளப்போகும் பெரிய சிரமம் நோயாக இருக்காது. காப்பகத்தில் படிந்த பழக்கங்களாகத்தான் இருக்கும். குன்னூர் பக்கம் ஒரு அம்மா பல வருடம் கழித்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார். முதல் வாரம் முழுக்க விடியற்காலையில் எழுந்து கதவருகே சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டே இருப்பார். அண்ணி பயந்து போய் எனக்குப் போன் செய்தார். நான் போய் அவரோடு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "பாத்ரூம் போகலாமா?" தாழ்ப்பாள் அவர் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. யாராவது சொல்லாமல் கதவைத் திறக்கலாம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. சாப்பாட்டை இரண்டு நிமிடத்தில் விழுங்கிவிடுவார், பாதி இட்லியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார். வீட்டில் எல்லோரும் இதையெல்லாம் நோய் என்றே நினைத்தார்கள். வரிசையில் நின்று சாப்பாடு வாங்கி, மெதுவாகச் சாப்பிட்டால் தட்டைப் பிடுங்கிவிடும் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் ஆவார்கள்.

காப்பகத்தில் சேர்ந்த அன்று அவரிடம் வாங்கி வைத்த பொருட்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நாலு கண்ணாடி வளையல், ஒரு சாவி, மடித்த பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள். 2016 நவம்பரில் செல்லாமல் போன தாள் அது. கடையில் நீட்டியபோது கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் எப்படி ஆனது என்பது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. வெளியே உலகம் எவ்வளவு மாறிவிட்டது என்பதை அந்த ஒரு தாள் அவருக்குச் சொல்லிவிட்டது. உங்கள் தம்பிக்கும் ஸ்கேன் செய்து பணம் கொடுப்பது, கையில் எப்போதும் போனோடு இருக்கும் ஜனங்கள் எல்லாம் புதிது. பிள்ளைகளைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாமாவுக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கும் பிடிக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். காப்பகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, உங்கள் வீட்டையே இன்னொரு காப்பகமாக ஆக்கிவிடாதீர்கள். இது அன்பினாலேயே நடந்துவிடும். வெளியே போனால் என்ன ஆகுமோ என்று கதவைச் சாத்துவோம். கொட்டிவிடுவாரோ என்று தனித்தட்டு, தனி டம்ளர் கொடுப்போம். தொலைத்துவிடுவார் என்று அவர் பணத்தை நாமே வைத்துக்கொள்வோம். மாறாக, முதல் நாளிலிருந்தே சின்னச் சின்ன முடிவுகளை அவர் கையில் கொடுங்கள். டீயா காபியா, சர்க்கரை எவ்வளவு, எப்போது குளிப்பது, எந்தச் சட்டை. பூட்டும் சாவியும் உள்ள ஒரு டிரங்குப் பெட்டி அவருக்கென்று இருக்கட்டும், சாவி அவரிடமே இருக்கட்டும். வாரம் நூறு ரூபாய் கையில் கொடுத்துக் கணக்குக் கேட்காமல் இருங்கள். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் அழுத ஒருவரை எனக்குத் தெரியும். பத்து நாள் கழித்து அவரே "ஒன்றரை ஸ்பூன்" என்றார். அந்த வீட்டில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரேயடியாக அழைத்து வராமல், இரண்டு மூன்று தடவை வந்து தங்கிப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை மழைநாளிலும் வரட்டும். டிஸ்சார்ஜ் திட்டம் என்பது அவரோடும், உங்களோடும், இனிமேல் பார்க்கப்போகும் டாக்டரோடும் பேசித் தயாரிக்க வேண்டியது. அதே சட்டத்தின் 98ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாக ஊசி போட்ட தேதி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் தாளில் வேண்டும். ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறதா, ஆதார் கிடைக்கிறதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வந்தபின் இவற்றுக்காக அலைய ஆரம்பித்தால் மாதங்கள் ஓடிவிடும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனநோயும் கணக்கில் வரும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்து நாலு விஷயங்களைப் பார்த்து மதிப்பிடுவார்கள்: தன்னைத் தானே பராமரிப்பது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மதிப்பிடும் அன்று நம் மக்கள் கௌரவம் பார்த்து "எல்லாம் நல்லாத்தான் செய்வான்" என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் நினைவூட்டாமல் குளிப்பாரா, தனியாக பஸ் ஏறுவாரா, கடையில் மீதிச் சில்லறை வாங்குவாரா என்று யோசித்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அட்டை வந்ததும் மாதாந்திர உதவித்தொகைக்கு ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு திட்டம். எது பொருந்தும் என்று அங்கேயே சொல்லுவார்கள்.

மருந்து விஷயத்தில் மலைக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. சமவெளி டாக்டர்கள் இவற்றைச் சொல்ல மறந்துவிடலாம். முதலாவது இருப்பு. 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்து சாலைகள் துண்டானது உங்களுக்கு நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எந்த நாளும் மரம் விழலாம், மண் சரியலாம். ஆகவே எப்போதும் பதினைந்து நாள் மருந்து கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மாதாந்திர ஊசி என்றால், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். குளோர்ப்ரோமசின் சாப்பிடுகிறார் என்றால் வெயில் சீக்கிரம் தோலைச் சுடும். குளிர்கிறதே என்று நம் மலைவெயிலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உயரம் கூடக் கூட வெயிலின் கடுமையும் கூடும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லுங்கள். லித்தியம் என்றால் தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிரில் நாம் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை, அதுதான் ஆபத்து. குளோசபின் என்றால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நாள்கணக்கில் மலம் போகாமல் இருந்தாலும் சும்மா விடாதீர்கள். பீடி சிகரெட்டை திடீரென்று விட்டாலும் ஒலான்சபின், குளோசபின் ரத்தத்தில் கூடிவிடும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கோழி அடிப்பீர்கள், சொந்தக்காரர்கள் வருவார்கள், பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். மூன்றாவது மாதம்தான் கஷ்டம். அவர் பாட்டுக்கு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் கூடை தூக்கி வீடு வந்து அடுப்புப் பற்ற வைக்கும்போது அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். "இவ்வளவு பெரிய ஆள், ஒரு குடம் தண்ணி எடுத்து வைக்கக் கூடாதா" என்று வாய்வரை வந்துவிடும். அந்த மந்தம் சோம்பேறித்தனம் இல்லை. நோயின் ஒரு பகுதி அது, மருந்தாலும் கொஞ்சம் வரும். "எந்திரி, ஏதாவது செய்" என்று சொன்னால் அசையாதவர், "நாலு விறகு எடுத்துக் கொடு" என்று குறிப்பாகக் கேட்டால் எழுந்து வருவார்.

1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, தனியறை எடுத்துத் தங்கியவர்களும் உடன்பிறந்தவர்களிடம் போனவர்களும் நன்றாக இருந்தார்கள். பாசம் குறைவான இடம் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓயாத குறைசொல்லலும், மூச்சுவிட இடம் தராத கவலையும்தான் நோயைத் திரும்பக் கூட்டி வருகின்றன என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. அப்படிப்பட்ட வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் கண்டார்கள். இதை உங்கள் லைன் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். மழை பிடித்துவிட்டால் ஐந்து பேரும் இரண்டு அறைக்குள். ஆகவே அவருக்குப் பகலில் போக ஓர் இடம் வேண்டும், அது அவருக்கு எவ்வளவு தேவையோ உங்களுக்கும் அவ்வளவு தேவை. டீக்கடை பெஞ்ச், கோயில் திண்ணை, நூலகம், பழைய சிநேகிதன் வீடு, எதுவானாலும் சரி. ராத்திரி படுக்க ஒரு மூலையைத் தடுத்து ஒரு துணித்திரை போட்டுக் கொடுத்தாலும் பெரிய விஷயம்.

ஊரைத் தயார் செய்வதைப் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் ஒருவரை, யாருக்கும் தெரியாமல் இருந்தால் அவருக்கு நல்லது என்று நினைத்து, அக்கம்பக்கத்தில் சொல்லாமலே வீட்டில் கொண்டு வந்து விட்டேன். நாலாம் நாள் சாயங்காலம் மேகம் இறங்கி எதிரில் ஆள் தெரியாத நேரத்தில் அவர் காலாற நடந்திருக்கிறார். சின்ன வயதில் நடந்த அதே பாதைதான். புது ஆள், கேட்டால் பதில் சொல்லவில்லை, திருடன் என்று நினைத்து அடித்துவிட்டார்கள். உதடு கிழிந்து ஆறு தையல். அடித்தவர்களில் ஒருவர் அவரோடு பள்ளியில் படித்தவர். அன்றிலிருந்து, ஆள் வருவதற்கு முன்பே அவர் சம்மதத்தோடு சிலரிடம் சொல்லி வைக்கிறேன்: மேஸ்திரி, டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்காரர், மினி பஸ் கண்டக்டர், கிராம சுகாதார செவிலியர். நோயின் பெயர் யாருக்கும் வேண்டாம். "என் தம்பி ஊருக்குத் திரும்ப வருகிறான், கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவான், பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள்" என்றால் போதும். வந்தபின் நீங்களே அவரோடு நடந்து போய் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுங்கள். அதே நடையில் பாதைகளையும் காட்டுங்கள். பதினோரு வருடத்தில் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் வந்து போவது எவ்வளவு கூடிவிட்டது என்று அவருக்குத் தெரியாது. இருட்டியபின் டார்ச் இல்லாமல் போகக் கூடாது என்பதை எல்லோருக்கும் உள்ள வழக்கமாகவே சொல்லுங்கள், அவருக்கு மட்டும் போட்ட கட்டுப்பாடு போல ஆகிவிடக் கூடாது.

வேலை. அவசரம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். நான் சொன்ன அந்த அம்மாவைத் தேயிலைக்குள் அழைத்துப் போனபோது, கை தானாகவே கொழுந்தைக் கிள்ள ஆரம்பித்துவிட்டது. விரல் எதையும் மறக்கவில்லை. ஆனால் சுற்றி எல்லோரும் கத்திரி வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த வேலை அங்கே வேலையாகவே இல்லை. கடைசியில் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் அரை நாள் களையெடுப்பு அமைந்தது. அரை நாளுக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "டீயும் டிபனும் கொடுத்துவிடுகிறேன், பாவம் சும்மா இருக்கிறானே" என்று நல்லவர்களே வந்து கேட்பார்கள். கூலி இல்லாத வேலை அவருக்கு வேண்டாம். அவர் கணக்கில் வரும் பணத்தை அவரே எடுக்கட்டும். சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் 2016ஆம் வருடத்துச் சட்டம் அவருக்கு உரிமை தந்திருக்கிறது. அப்பாவின் பி.எஃப்., கிராஜுட்டி வந்திருந்தால் அதில் தம்பியின் பங்கையும் இப்போதே பேசி முடியுங்கள். யாராவது "ஒரு கைநாட்டு வைத்துவிடச் சொல்" என்று வந்தால் அனுமதிக்காதீர்கள், அது உங்கள் வீட்டுக்காரரானாலும்.

லைன் வீட்டைப் பற்றியும் யோசியுங்கள். அது வேலையோடு வந்த வீடு. நீங்கள் ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். அப்போது தம்பி எங்கே போவார் என்ற கேள்விக்கு இன்றே வேலை ஆரம்பிக்க வேண்டும். வீடு, நிலம் ஒதுக்கும் அரசுத் திட்டங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 2016ஆம் வருடத்துச் சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. அடையாள அட்டை வந்தவுடன் அவர் பெயரில் மனு கொடுத்து வையுங்கள்.

மறுபடியும் உடம்பு கெட்டால்? கெடலாம். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் போகும். அவர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து, முன்பு என்னென்ன அறிகுறி வந்தது, அப்போது யார் பேசினால் கேட்பார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல எழுதி வையுங்கள். இதையே முன்கூட்டிய உத்தரவாகச் சட்டப்படி பதிவு செய்யலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமன பிரதிநிதியாக அவரே குறிப்பிடலாம். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் சேர்க்க வேண்டி வந்தாலும் அது சிகிச்சைக்குப் போய்வருவதுதான். கிளம்பும்போதே "உன் பெட்டி இங்கேயே இருக்கும், சாவியை நீயே எடுத்துப் போ" என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்கும் ஓய்வு தேவை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது கணவரோ சித்தி மகனோ தம்பியோடு இருக்க, நீங்கள் எங்காவது போய்வாருங்கள். இதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள், களைத்துப்போன பிறகு கேட்க வாய் வராது.

அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஸ்வெட்டர் அளவு எடுத்து வாருங்கள். பதினோரு வருடம் வெயில் ஊரில் இருந்தவருக்கு நம் மார்கழிக் குளிர் தாங்காது. என்ன நிறம் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.